பழைய துப்பாக்கியில் புதிய தோட்டா!

கோவளம் கோட்டை முதல் வீட்டுப் பரண் வரை ஒரு சிறு துளையின் கதை

ஐப்பசி மாதம். செங்கற்பட்டுக் கடைவீதியில் தீபாவளிக் கூட்டம். ஒரு பையன் தகப்பனாரைத் தொந்தரவு செய்து தகரத் துப்பாக்கி ஒன்றும், அதற்குச் சுருள் கேப் ஒரு டப்பாவும் வாங்கிவிடுகிறான். வீட்டுக்குப் போவதற்குள் மழை பிடித்துக்கொள்கிறது. மறுநாள் காலையில் விசையை இழுத்தால் "டப்" என்ற சத்தத்தைக் காணோம். 'டொக்' என்று இரும்பு இரும்பின்மேல் படுகிற ஓசைதான் கேட்கிறது. கேப் நமுத்துப் போய்விட்டது!

பையனுக்கு அழுகை வருகிறது. பெரியவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் இதே கவலையில் உலகத்துச் சேனாதிபதிகள் நானூறு, ஐந்நூறு வருஷம் தூக்கம் இழந்தார்கள் என்று சொன்னால் பையன் நம்பமாட்டான். மருந்தை நனையாமல் காப்பது எப்படி, அதற்கு நெருப்பை எட்டவைப்பது எப்படி என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிய கதைதான் துப்பாக்கியின் கதை. அந்த விடை கிடைத்தபோது, 'இதை யார் கையில் கொடுப்பது?' என்ற மூன்றாவது கேள்வி முளைத்தது. அது இன்றைக்கும் தீரவில்லை.

மழையும் மருந்தும்

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரையில் இருக்கும் கோவளத்தில் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. 1752-இல் அது பிரெஞ்சுக்காரர் வசம். செங்கற்பட்டுக் கோட்டையும் அவர்கள் வசமே. இரண்டையும் பிடிக்க ராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து புறப்பட்டார். அவரிடம் இருந்தவர்கள் புதிதாகச் சேர்ந்த, பழக்கம் இல்லாத ஆட்கள். கோவளத்தில் முதல் பீரங்கி முழக்கம் கேட்டதும் பலர் ஓட்டம் பிடித்தார்கள். ஒருவன் கிணற்றுக்குள் ஒளிந்திருந்ததாக மெக்காலே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர்களைத் திரட்டி நிறுத்தி, கிளைவ் முதலில் கோவளத்தையும் பிறகு செங்கற்பட்டையும் பிடித்தார்.

அந்த நாள் துப்பாக்கி சிக்கிமுக்கிக் கல்லால் வெடிப்பது. குதிரையின் வாயில் ஒரு கல் துண்டைக் கடிக்க வைத்திருப்பார்கள். விசையை இழுத்தால் அது இரும்புத் தகட்டில் உரசிப் பொறி பறக்கும். பொறி ஒரு சிறு கிண்ணத்தில் இருக்கும் மருந்தில் விழும். அந்த நெருப்பு ஒரு துளை வழியாகக் குழலுக்குள் பாய்ந்தால்தான் குண்டு கிளம்பும். கிண்ணத்து மருந்து நனைந்தால் எல்லாம் நின்றுவிடும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கோவளத்தைப் பிடித்த கிளைவே ஐந்து வருஷம் கழித்து வங்காளத்தில் கண்டார். 1757 ஜூன் 23-ஆம் தேதி பிளாசிப் போரில் பெருமழை கொட்டியது. கம்பெனியார் மருந்தின்மேல் தார்ப்பாய் போர்த்தினார்கள். நவாபின் சேனையில் மருந்து நனைந்தது. இந்திய சரித்திரம் திரும்பியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் அந்தத் தார்ப்பாயும் ஒன்று.

மருந்தைத் தனியே மூட்டையாகவும் பீப்பாயாகவும் சுமந்து திரிவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் அடங்கியிருந்த காஞ்சிபுரத்துக்கு அருகே, பொள்ளிலூரில், 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் சூழ்ந்துகொண்டார்கள். மைசூர்ப் படையின் தாக்குதலில் பெய்லியின் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. போர் அத்துடன் முடிந்தது. உதவிக்கு வரவேண்டிய ஜெனரல் மன்றோ, காஞ்சிபுரத்தில் பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார்.

பாதிரியாரின் வாத்துகள்

இந்தச் சங்கடத்துக்கு முதல் பரிகாரம் கண்டவர் சேனாதிபதி அல்ல, ஒரு பாதிரியார்! ஸ்காட்லாந்தில் அலெக்ஸாண்டர் ஃபோர்சித் என்ற அந்தப் பாதிரியாருக்கு வாத்து வேட்டையில் பிரியம். கிண்ணத்து மருந்து பளிச்சென்று எரிவதைப் பார்த்ததுமே, குண்டு வந்து சேருவதற்குள் வாத்துகள் பறந்துவிடும். பாதிரியார் யோசித்தார். தட்டினாலே வெடிக்கும் ரசாயன உப்பு ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். கல்லும் கிண்ணமும் வேண்டாம், தட்டி வெடிக்கவைத்தால் போதும் என்று கண்டு 1807-இல் உரிமைப் பட்டயம் வாங்கினார்.

இந்த வித்தையே பிற்பாடு ஒரு சின்னச் செப்புத் தொப்பிக்குள் அடங்கியது. அதுதான் 'கேப்'. குழலின் பின்னால் இருக்கும் ஒரு சிறு குழாய்முனையில் தொப்பியை மாட்டி, குதிரை அதைத் தட்டினால் நெருப்பு நேரே உள்ளே பாயும். மழையில் கல் துப்பாக்கியைவிட இது பல மடங்கு நம்பகமானது. செங்கற்பட்டுக் கடைவீதியில் பையன் வாங்கிய சுருள் கேப்பும் இதே தத்துவம்தான்.

பாதிரியார் பறவைகளை ஏமாற்ற வழி தேடினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மதுராந்தகம் பக்கத்து வேடந்தாங்கலில் ஜனங்கள் பறவைகளைக் காக்க வழி தேடினார்கள். ஏரியில் கூடு கட்டிய பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டு, பறவைகளுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். 1798-ஐ ஒட்டிய அந்த ஏற்பாடு 1858-இல் புதுப்பிக்கப்பட்டது. துப்பாக்கி எங்கே வெடிக்கலாம், எங்கே வெடிக்கக்கூடாது என்று செங்கற்பட்டுக் குடியானவர்கள் சர்க்காருக்கே பாடம் சொன்ன சம்பவம் அது.

ஆறு அறைகள்

கேப் வந்தபிறகுதான் ரிவால்வர் என்ற சுழல் துப்பாக்கி காரியசாத்தியமானது. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836-இல் தம் நாட்டில் உரிமை பெற்றார். சுழலும் உருளையில் ஐந்து அல்லது ஆறு அறைகள். ஒவ்வோர் அறைக்கும் முன்பக்கம் வழியாக மருந்தையும் ஈயக் குண்டையும் கெட்டிக்க வேண்டும். பின்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேப் மாட்டவேண்டும். இங்கிலாந்தில் ராபர்ட் ஆடம்ஸ் 1851-இல் தம் ரிவால்வரைக் கொண்டுவந்தார். பின்னர் அதில் பொமான்ட் என்ற ராணுவ எஞ்சினியர் சீர்திருத்தம் செய்தார். 1857-இல் இந்தியாவில் வெள்ளை அதிகாரிகளின் இடுப்பில் இந்த ரிவால்வர்களும் தொங்கின.

ஆறு குண்டும் போகிறவரை வீரம்தான். தீர்ந்ததும் திரும்பக் கெட்டிக்கப் பல நிமிஷங்கள் ஆகும். போர்க்களத்தில் அது ஒரு யுகம். போதாக்குறைக்கு ஓர் அறையின் நெருப்பு அடுத்த அறைக்குத் தாவி எல்லாம் ஒன்றாக வெடிப்பதும் உண்டு. கருமருந்து எரிந்த கசடோ ஈரத்தை இழுக்கும். மாமல்லபுரம் கடற்கரை போன்ற உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் ஒரு நாள் துடைக்காமல் வைத்தால் மறுநாள் துருவைப் பார்க்கலாம்.

மருந்து, குண்டு, கேப் மூன்றையும் ஓர் உலோகக் கூட்டுக்குள் அடைத்துவிட்டால் என்ன? அதுதான் இன்றைய தோட்டா. நனையாது, சிந்தாது, ஒரு நொடியில் போட்டு எடுக்கலாம். ஆனால் அதைப் பின்பக்கமாகத்தான் போடவேண்டும். பழைய உருளையோ பின்பக்கம் மூடியது. நெடுக ஒரு துளை வேண்டும்!

துளைக்கு ஒரு சொந்தக்காரர்

அந்தத் துளைக்குச் சொந்தம் கொண்டாடியவர் ரோலின் ஒயிட் என்ற அமெரிக்கர். முன்னிருந்து பின்னாக ஊடுருவிய உருளைக்கு அவர் 1855 ஏப்ரலில் உரிமைப் பட்டயம் பெற்றார். அவரிடம் ஸ்மித், வெஸ்ஸன் என்ற இரு கூட்டாளிகள் ஒப்பந்தம் செய்தார்கள். ஒரு ரிவால்வருக்கு 25 சென்ட் தருவதாக ஏற்பாடு. ஆனால் யாராவது உரிமையை மீறினால் வழக்குப் போடுகிற செலவு ஒயிட்டுடையது! 1857-இல் அவர்களுடைய தோட்டா ரிவால்வர் கடைக்கு வந்தது. மற்ற உற்பத்தியாளர்கள் பன்னிரண்டு வருஷம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அமெரிக்க உள்நாட்டு யுத்தம் முழுவதும் பெரும்பாலும் கேப் ரிவால்வரிலேயே நடந்து முடிந்தது.

1869-இல் உரிமை காலாவதியானது. நீட்டிப்புக் கேட்டு ஒயிட் மன்றாடினார். அவருக்குச் சாதகமாகக் காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை 1870-இல் ஜனாதிபதி கிராண்ட் தள்ளிவிட்டார். யுத்த காலத்தில் இந்த உரிமையால் சர்க்காருக்கு நேர்ந்த தொல்லையைப் படைக்கல அதிகாரிகள் அவரிடம் எடுத்துச் சொல்லியிருந்தார்கள். கிராண்ட் அந்த யுத்தத்தின் சேனாதிபதி அல்லவா!

கதவு திறந்ததும் பழைய ரிவால்வர்களைத் தோட்டாவுக்கு மாற்றும் வேலை மும்முரமானது. கிடங்கில் குவிந்து கிடந்த ஆயிரக்கணக்கான ரிவால்வர்களைத் தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்? கோல்ட் கம்பெனியில் ரிச்சர்ட்ஸ் என்பவர் கண்ட மாற்றுமுறைக்கு 1871-இல் உரிமை கிடைத்தது. பிரிட்டிஷ் ராணுவம் அதற்கும் முந்திக்கொண்டது. இந்தியாவில் வேலை செய்த அதே பொமான்ட்-ஆடம்ஸ் ரிவால்வர்களை மாற்றியமைத்து, 1868-இல் தோட்டா ரிவால்வராக ஏற்றுக்கொண்டது. இரும்பு பழையது; உருளை புதியது!

யாருக்குப் புதிது? யாருக்குப் பழையது?

மாற்றும் வேலை நீளத் துப்பாக்கிகளிலும் நடந்தது. அதன் கதை நம்மவர்களுக்கு மறக்கமுடியாதது. 1857-இல் என்ஃபீல்டு துப்பாக்கிக்கு வந்த தோட்டா காகிதத்தால் ஆனது. அதைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும். அதில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாகச் செய்தி பரவியது. மீரட்டில் 90 சிப்பாய்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்கு விலங்கு பூட்டியதும் மே 10-ஆம் தேதி புரட்சி வெடித்தது.

புரட்சி அடங்கியபின் பிரிட்டிஷார் என்ன செய்தார்கள்? துப்பாக்கியைப் பின்னோக்கி மாற்றினார்கள்! என்ஃபீல்டின் பெருமையே குழலுக்குள் இருக்கும் சுரிகள். அவைதான் குண்டைச் சுழலச் செய்து தூரத்துக் குறியை அடிக்கவைப்பவை. இந்தியச் சிப்பாய்களுக்கு என்று உள்ளே சுரியில்லாத வழுவழுப்பான குழலுடன் அதே துப்பாக்கியைச் செய்து கொடுத்தார்கள். வெளித்தோற்றம் ஒன்றே; உள்ளே பலம் குறைவு.

1866-இல் பிரிட்டிஷ் ராணுவம் என்ஃபீல்டைப் பின்பக்கம் திறந்து உலோகத் தோட்டா போடும்படி மாற்றியது. அந்த முறையைக் கண்டவர் ஜேக்கப் ஸ்னைடர் என்ற அமெரிக்கர். நிமிஷத்துக்கு மூன்று முறை சுட்டவன் இப்போது பத்து முறை சுட்டான். ஆனால் ஸ்னைடர் தமக்கு வரவேண்டிய பணத்துக்கு அலைந்து அலைந்து, துப்பாக்கி அமலுக்கு வந்த அதே 1866-இல் வறுமையில் மாண்டார். பெயர் மட்டும் துப்பாக்கியில் நின்றது.

அந்த ஸ்னைடரும் இந்தியச் சிப்பாயின் கைக்குத் தாமதமாகத்தான் வந்தது. 1878-இல் தொடங்கிய ஆப்கன் யுத்தத்தில் வெள்ளைச் சிப்பாயிடம் புதிய மார்ட்டினி-ஹென்றி. பக்கத்தில் நின்று போரிட்ட இந்தியச் சிப்பாயிடம் ஸ்னைடர். எப்போதும் ஒரு படி கீழே வைத்திருப்பது என்பதே கொள்கை. அதே 1878-இல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியன் ஆயுதம் வைக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு! இந்த அவமானம் எவ்வளவு ஆழமாகத் தைத்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. அஹிம்சா மூர்த்தியான காந்தியடிகள் 1930-இல் இர்வின் பிரபுவிடம் வைத்த 11 கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தரவேண்டும் என்பதும் ஒன்று. பொதுஜனக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே அது நடக்கவேண்டும் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார்.

வெள்ளித்திரையில் வந்த பிசகு

நூறு வருஷம் கழித்துப் பழைய ரிவால்வருக்கு மறுபிறவி வந்தது. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் நூற்றாண்டு நெருங்கிய சமயம், அந்நாட்டு ரசிகர்களுக்காக இத்தாலியில் கார்டோனே என்ற துப்பாக்கித் தொழில் ஊரில் கோல்ட் ரிவால்வரின் நகல்களைச் செய்ய ஆரம்பித்தார்கள். கேப் மாட்டி, கருமருந்து கெட்டித்துச் சுடும் அச்சு அசலான நகல்கள்.

இத்தாலியக் கௌபாய்ப் படங்களும் அதே காலத்தில் வந்தன. அவற்றின் சாயலில் இங்கே கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரை ஏறினார். 'கங்கா' 1972-இல் வந்தது. 1966-இல் வெளியான 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் இருப்பது தோட்டாவுக்கு மாற்றிய கோல்ட் நேவி ரிவால்வர். கதை நடப்பதோ உள்நாட்டு யுத்த காலத்தில். அந்த மாற்றுமுறை அப்போது பிறக்கவே இல்லை! கொட்டகையில் விசில் அடித்தவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை.

இன்று அந்த நகல்களுக்குப் பொருந்தும் தோட்டா உருளைகள் அமெரிக்காவில் தனியே விற்பனையாகின்றன. அங்கேயும் சட்டம் அந்தத் துளையைத்தான் உற்றுப் பார்க்கிறது. 1968-ஆம் வருஷத்து மத்திய சட்டப்படி, உலோகத் தோட்டா ஏற்காத பழைய மாதிரி நகல் 'துப்பாக்கி' என்ற கணக்கில் வராது. தோட்டா உருளையைப் பூட்டியதும் அதே பொருள் துப்பாக்கியாகிவிடுகிறது.

பரணில் என்ன இருக்கிறது?

நம் ஊருக்கு வருவோம். பழைய மிராசுக் குடும்பங்களில் பரணிலோ மரப்பெட்டியிலோ தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று துணி சுற்றிக் கிடப்பது அதிசயமல்ல. 'இதைச் சரிசெய்து, புதுத் தோட்டா போடும்படி பண்ணினால் என்ன?' என்று எந்த வீட்டிலாவது ஒரு வாலிபன் நினைக்கலாம். லேத் பட்டறை பக்கத்திலேயே இருக்கிறது என்றால் ஆசை இன்னும் கூடும்.

அந்த ஆசைக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று, பௌதிகம். பழைய இரும்பு கருமருந்தின் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் புகையில்லா மருந்து வந்தது. நீலகிரியில் அரவங்காடு கார்டைட் தொழிற்சாலை அந்த மருந்தைச் செய்வதற்காகவே ஏற்பட்டது. அதன் அழுத்தம் கருமருந்தைவிட மிக அதிகம். நூறு வருஷத் துருவும் வெளிக்குத் தெரியாத விரிசலும் உள்ள உருளையில் அந்தத் தோட்டா வெடித்தால், குண்டு முன்னால் போகும் என்று நிச்சயமில்லை. சுட்டவன் கையோடும் கண்ணோடும் போகலாம். அன்று ஆடம்ஸையும் கோல்ட்டையும் மாற்றியவர்கள் ஆயுதத் தொழிற்சாலையின் கைதேர்ந்த நிபுணர்கள். அவர்கள் போட்டதும் கருமருந்துத் தோட்டாதான்.

இரண்டாவது, சட்டம். வெள்ளையர் சட்டத்தை நீக்கி, சுதந்தர இந்தியா 1959-இல் தன் ஆயுதச் சட்டத்தை நிறைவேற்றியது. 1962 அக்டோபர் முதல் தேதி அது அமலுக்கு வந்தது.   அதன் 6-வது பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியின் குழலைக் குறைப்பதையும், போலித் துப்பாக்கியை மெய்த் துப்பாக்கியாக மாற்றுவதையும் தடை செய்கிறது. சுடத் தகுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், துப்பாக்கி போலத் தோன்றுகிற எதுவும் 'போலி' என்ற சொல்லில் அடங்கும். ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதும் குற்றம் என்று 2019-ஆம் வருஷத் திருத்தம் சேர்த்தது. தண்டனை குறைந்தது 7 ஆண்டுச் சிறை, ஆயுள்வரை போகலாம். பட்டறைக்காரருக்கும் விலக்கில்லை. துப்பாக்கியைச் செய்யவோ, மாற்றவோ, பழுது பார்க்கவோகூட லைசென்ஸ் வேண்டும்.

ஆனால் சட்டம் பழமையின் பகைவன் அல்ல. பழுது பார்த்தாலும்கூடச் சுடப் பயன்படாத பழங்காலத்து ஆயுதத்துக்கு 45-வது பிரிவு விலக்கு அளிக்கிறது. சுடக்கூடியதாக இருந்தால், கேப் துப்பாக்கியானாலும் லைசென்ஸ் அவசியம். லைசென்ஸ் வைத்திருந்தவர் காலமாகிவிட்டால், வாரிசுகள் காலம் கடத்தாமல் அதைப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து, பிறகு கலெக்டர் அலுவலகத்தை அணுகுவதே முறை. பரணில் இருப்பது எந்த ரகம் என்பதை வீட்டுக்காரர் தாமே தீர்மானித்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

மணி கோர்த்த கைகள்

மாமல்லபுரத்தில் கோயில்களைப் பார்க்க வருகிறவர்களிடம் பாசிமணி விற்கும் நரிக்குறவர் மக்களைக் காணலாம். அவர்கள் முன்னோரின் தோளில் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி தொங்கியதை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலகம் தோட்டாவுக்கு மாறிய பிறகும் அவர்கள் கையில் கேப் துப்பாக்கியே நின்றது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டை வாழ்வும் முடிந்தது. துப்பாக்கியை இறக்கி வைக்கச் சொன்ன சமூகம், அவர்களுக்கு வேறு வாழ்வு தரத்தான் வெகுகாலம் எடுத்துக்கொண்டது. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு 2021 நவம்பரில் வீட்டு மனைப் பட்டா கிடைத்தது. நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவைப் பாராளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது.

கிளைவ் பிடித்த செங்கற்பட்டுக் கோட்டைக்குள் இன்று ரயில் பாதை ஓடுகிறது. வேடந்தாங்கலுக்கு ஆண்டுதோறும் பறவைகள் தவறாமல் வருகின்றன. ஒரு பழைய ரிவால்வரின் உருளையில் போடுகிற துளை விரல் நுழையாத அளவு சிறியது. அதன் வழியாக எவ்வளவு சரித்திரம் புகுந்து வந்திருக்கிறது!

மழை விட்டு வெயில் வந்துவிட்டது. செங்கற்பட்டுப் பையன் நமுத்த கேப்பைத் திண்ணையில் காயவைத்துக்கொண்டிருக்கிறான். "டப்" என்று ஒரு சத்தம். கூரைமேல் இருந்த காக்கை எழுந்து பறக்கிறது. பையன் சிரிக்கிறான். துப்பாக்கி என்றால் அந்த அளவோடு நிற்பதுதான் வீட்டுக்கும் நாட்டுக்கும் நல்லது.